தண்ணி பாட்டிலோட போனாத்தான் மீன் கிடைக்கும் - ராம்நாடு வளப்பு மீன் கடை, ஒரு வருச அனுபவம்

5க்கு 4 ஸ்டார் குடுத்துருக்கேன். அந்த ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னு கீழ சொல்றேன். ரிவ்யூ நீளமாத்தான் இருக்கும், பொறுமையா படிங்க, ஏன்னா நம்ம கடற்கரை ஊர்கள்ல, மண்டபமோ பாம்பனோ கீழக்கரையோ தேவிபட்டினமோ எங்கிட்டு இருந்தாலும், வீட்டுல நல்ல தண்ணி மீன் தொட்டி வைக்கிறவுங்க எல்லாரும் ஒரே தப்பைத்தான் பண்றோம், அதை எனக்குப் புரிய வச்சது இந்தக் கடை அண்ணன்தான்.

எங்களுக்கு மண்டபம். எம் மக அஞ்சாப்பு படிக்கிறா. மண்டபம் கேம்ப்ல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து அக்வேரியம் இருக்குல்ல, அங்க கூட்டிட்டுப் போனதுல இருந்து வீட்டுல மீன் வளக்கணும்னு ஒரே புடி. கோமாளி மீன்தான் வேணும்னு நின்னா. அது கடல் மீனு, அதுக்கு உப்புத் தண்ணி தொட்டி, மிஷினு, லைட்டுன்னு ஏகப்பட்ட செலவு, முதல்ல நல்ல தண்ணி மீன் வளத்துப் பழகுவோம்னு சொல்லித்தான் ஆரம்பிச்சோம். போன வருசம் ஏப்ரல்ல வேற ஊர்ல ஒரு பெரிய கடைல ரெண்டடி தொட்டி, பவர் ஃபில்டர், கலர் கல்லு, பிளாஸ்டிக் செடி, கூடவே 19 மீன், எல்லாம் ஒரே நாள்ல ஒரே பில்லுல வாங்கிட்டு வந்தோம். 2 கோல்டு ஃபிஷ், 2 ஏஞ்சல், 4 டைகர் பார்ப், 6 நியான் டெட்ரா, 4 மாலி, 1 சக்கர். இது ஒண்ணோட ஒண்ணு சேருமான்னு நான் கேட்டேன், எல்லாம் சேரும்னுதான் சொன்னாங்க.

ரெண்டாம் நாள் நியான் டெட்ரா ஆறும் போச்சு. நாலாம் நாள் மிச்சம் எல்லாம் மேல வந்து வாயைத் தொறந்து தொறந்து மூச்சு வாங்குது. அந்தக் கடைக்குப் போன் பண்ணா, தண்ணி பூராத்தையும் கொட்டிட்டு ஃபில்டர், கல்லு எல்லாத்தையும் நல்லாக் கழுவிட்டு புதுத் தண்ணி ஊத்துங்கனு சொன்னாங்க. அப்டியே பண்ணோம். பத்து நாள்ல 19ல 5தான் மிச்சம். எம் மக ஒவ்வொண்ணையும் வேப்ப மரத்தடில பொதைச்சிட்டு வந்து சாப்பிடாம படுத்துக்கும். அது எனக்கு ரெம்பக் கஷ்டமா இருந்துச்சு.

அப்பதான் பக்கத்து வீட்டு அக்கா இந்தக் கடையச் சொன்னாங்க. அரண்மனை பக்கத்துல உள்ள போற சந்துல இருக்கு, போர்டு சின்னது, ரெண்டு தடவை தாண்டிப் போயிட்டுத்தான் கண்டுபிடிச்சேன். உள்ள போய் "அண்ணே, நாலு மாலி குடுங்க"ன்னேன். அவரு மீன் பக்கமே திரும்பல. "தண்ணி கொண்டாந்தியாம்மா?"ன்னு கேட்டாரு. எந்தத் தண்ணினு கேட்டேன். "உன் தொட்டித் தண்ணி ஒரு பாட்டில், தொட்டிக்கு ஊத்துற தண்ணி ஒரு பாட்டில், ரெண்டும் வேணும். இன்னைக்கு மீன் தர மாட்டேன், போயிட்டு எடுத்துட்டு வா"ன்னாரு. மண்டபத்துல இருந்து ஒரு மணி நேரம் பஸ்ல போயிருக்கேன், எனக்குக் கோவம்தான் வந்துச்சு. ஆனா அவரு வேற ஒருத்தருக்கும் இதேதான் சொல்லிட்டு இருந்தாரு, விக்கிறதை விட்டுட்டு ஒரு மனுசன் இப்டி சொல்றாருனா காரணம் இருக்கும்னு மறுநாளே ரெண்டு பாட்டில்ல தண்ணி எடுத்துட்டுப் போனேன்.

டெஸ்ட் பண்ண ஒரு பாட்டிலுக்கு 20 ரூவா. சின்னக் கண்ணாடிக் குழாய்ல தண்ணி எடுத்து சொட்டு மருந்து விட்டு அஞ்சு நிமிசம் வச்சாரு. தொட்டித் தண்ணில அம்மோனியா இருந்தா பச்சையாகும், இல்லேன்னா மஞ்சளாவே நிக்கும்னு சொன்னாரு, என் தண்ணி நல்லாப் பச்சையாயிருச்சு, 2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2 மில்லி கிராம். பிஹெச், அதாவது தண்ணி அமிலமா காரமான்னு காட்டுற அளவு, 8.2. போர் தண்ணி டிடிஎஸ், அதாவது தண்ணில கரைஞ்சிருக்க உப்போட அளவு, 1900. அவரு அந்தப் பேனா மாதிரி மீட்டரைக் காட்டி "இதுல நியான் டெட்ரா விட்டியாம்மா?"ன்னு கேட்டப்ப எனக்கு ஒண்ணும் சொல்லத் தோணல.

அவரு சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். மீன் போடுற கழிவுலயும் மிச்சம் கெடக்குற தீனிலயும் அம்மோனியா வரும், அது விசம். அதைத் தின்னு நைட்ரைட்டா மாத்துற ஒரு கிருமி, நைட்ரைட்டைத் தின்னு நைட்ரேட்டா மாத்துற இன்னொரு கிருமி, இது ரெண்டும் ஃபில்டர் ஸ்பாஞ்சுலயும் கல்லுலயும் குடி வரணும், அதுக்கு 4ல இருந்து 6 வாரம் ஆகும். அது வர்றதுக்கு முன்னாடி 19 மீனை ஒரே நாள்ல விட்டா மூச்சு முட்டத்தான் செய்யும். வந்துட்டு இருந்த கொஞ்ச நஞ்சக் கிருமியையும் கல்லு, ஃபில்டர்னு எல்லாத்தையும் குழாத் தண்ணில கழுவி நாங்களே சாகடிச்சிட்டோம்.

இது எந்த ஊருக்கும் பொருந்துற விசயம், வீடியோல எல்லாம் சொல்றாங்க. ஆனா நம்ம ஊருக்குன்னு ஒண்ணு இருக்கு, அதை வேற யாரும் எனக்குச் சொல்லல. அம்மோனியா தண்ணில ரெண்டு விதமா இருக்குமாம், ஒண்ணு அவ்வளவு கெடுதல் இல்லாதது, இன்னொண்ணு கொல்றது. பிஹெச் ஏற ஏற, சூடு ஏற ஏற, கொல்ற பங்கு கூடிக்கிட்டே போகும். பிஹெச் 7ல இருந்து 8க்குப் போனா அந்தப் பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்கு. நம்ம கடலோரத்துப் போர் தண்ணி 8க்கு மேல, வெயில் காலத்துல தொட்டி சூடு 32, 33 டிகிரி. அதாவது வேற ஊர்ல தாக்குப் பிடிக்கிற அதே அளவு அம்மோனியா நம்ம ஊர்த் தொட்டில மீனைக் கொன்னுரும். வெளியூர்க்காரங்க வீடியோவைப் பாத்து "லைட்டா இருந்தாப் பரவாயில்ல"ன்னு நாம விட்டா போச்சு. இந்த ஒரு விசயத்துக்காகவே அந்த 20 ரூவா எத்தனை தடவை வேணும்னாலும் குடுக்கலாம்.

அன்னைக்கும் மீன் தரல. அவரு கடைல ஓடிக்கிட்டு இருந்த பழைய ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒண்ணை ஈரத்தோட கவர்ல போட்டுக் குடுத்து "இதை உன் தொட்டில மாட்டு, கிருமி இதுல இருக்கு, காய விடாத, குழாத் தண்ணில காட்டாத"ன்னாரு. ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு 150 ரூவா வாங்குனாரு, புதுசு விலைதான், ஆனா எனக்கு அந்தப் பழசுதான் பொன்னு. மூணு வாரம் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கால்வாசித் தண்ணி மாத்துனோம். வாரா வாரம் பாட்டில் எடுத்துட்டுப் போனேன், பஸ்ல போறப்ப வர்றப்ப எல்லாரும் என்னனு கேப்பாங்க. மூணாவது வாரம் அம்மோனியா சொட்டு மஞ்சளாவே நின்னுச்சு. நைட்ரைட் நடுவுல ஏறுச்சு, அப்ப அவரு ஒரு விசயம் சொன்னாரு, தண்ணில உப்பு இருந்தா செவுளு வழியா நைட்ரைட் உள்ள போறது குறையும், அதனால இந்த ஒரு இடத்துல நம்ம உப்புத் தண்ணி மீனுக்கு உதவிதான் பண்ணுதுன்னு. நம்ம தண்ணியைப் பத்தி நல்லது சொல்லி நான் கேட்டது அன்னைக்குத்தான்.

அப்பறம் தண்ணிக் கலவை. எங்க வீட்டுல காவிரி கூட்டுக் குடிநீர் வர்ற அன்னைக்கு டிரம்ல புடிச்சு வைப்போம், அதோட டிடிஎஸ் 350. அவரு கணக்கு, ஒரு குடம் போர் தண்ணிக்கு நாலு குடம் காவிரித் தண்ணி, 650 கிட்ட வரும், மாலி, கப்பி, பிளாட்டிக்கு இது தாராளமாப் போதும். காவிரித் தண்ணில பிளீச்சிங் வாடை அடிக்குற நாள்ல ஒரு நாள் பூரா ஏர் ஸ்டோன், அதான் காத்துக் குமிழி விடுற கல்லு, போட்டு வச்சுட்டு ஊத்தணும், அவசரம்னா ஆன்டி குளோரின் சொட்டு விடணும். குளோரின் மீனோட செவுளையும் அரிக்கும், ஸ்பாஞ்ச்ல இருக்க கிருமியையும் கொல்லும். பஞ்சாயத்துத் தொட்டில பவுடர் போடுற அன்னைக்கு மாத்துனவுங்க தொட்டில மட்டும் மீன் சாகுறதுக்குக் காரணம் இதான்.

மீன் தேர்வுல அவரு ரெம்பக் கறார். நியான் டெட்ரா கேட்டா விக்க மாட்டாரு, அது அமேசான் பக்கத்து மீனு, மழைத்தண்ணி மாதிரி உப்பில்லாத தண்ணில வளந்தது, இங்க விட்டா ரெண்டு நாள்தான்னு சொல்லிருவாரு. மாலி அப்டி இல்ல, அது பொறந்த ஊர்லயே கடலோரம் உப்பும் நல்லதும் கலக்குற இடத்துல கூட வாழுது, நம்ம தண்ணி அதுக்கு சொந்த ஊரு மாதிரி. கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணி மீனு, கழிவும் நிறையப் போடும், அதை மத்த மீனோட சின்னத் தொட்டில விடவே கூடாது. சக்கர் தொட்டி சுத்தம் பண்ணும்னு எல்லாரும் வாங்குறோம், அது ஒரு அடிக்கு மேல வளரும், அது போடுற கழிவை யாரு சுத்தம் பண்றது. டைகர் பார்ப் ஏஞ்சலோட நீள வாலைக் கடிச்சுக் கடிச்சு துண்டாக்குது, எங்க வீட்டு ஏஞ்சலுக்கு அழுகல் நோய்னு நான் மருந்து ஊத்திக்கிட்டு இருந்தேன், அவரு போட்டோவைப் பாத்துட்டு "இது நோய் இல்லம்மா, கடி. ஓரம் நேரா வெட்டுன மாதிரி இருக்கு பாரு, அழுகலா இருந்தா ஓரம் வெள்ளையா நைஞ்சு போயிருக்கும்"னு சொன்னாரு. என்கிட்ட மிச்சம் இருந்த டைகர் பார்ப் ரெண்டையும் சக்கரையும் எடுத்துக்கிட்டு அதுக்குப் பதிலா ஆறு ஜீப்ரா டேனியோ குடுத்தாரு, காசு வாங்கல. இப்டி மாத்திக்குற கடை இந்தப் பக்கம் எனக்குத் தெரிஞ்சு வேற இல்ல.

இப்ப மே மாசத்துக்கு வர்றேன், இதுதான் பெருசு. எங்க வீட்டுக்காரரு ஐஸ் கம்பெனில வேலை. தொட்டி சூடு 33 காட்டுது, மீனு தவிக்குதுன்னு பாசத்துல ஒரு நாள் மத்தியானம் ஐஸ் கட்டியை உடைச்சு எடுத்துட்டு வந்து தொட்டில போட்டுட்டாரு. அரை மணி நேரத்துல 26க்கு இறங்கிருச்சு. மீனு அப்ப நல்லா இருந்த மாதிரிதான் தெரிஞ்சுச்சு. நாலு நாள் கழிச்சு மாலி மேல ரவையைத் தூவுன மாதிரி வெள்ளைப் புள்ளி, கல்லுல போய் உரசிக்கிட்டே இருக்கு. கடை அண்ணனுக்குப் போட்டோ அனுப்புனேன், அன்னைக்கு சாயங்காலமே வீட்டுக்கு வந்தாரு. வீட்டுக்கு வந்து பாக்குறதுக்கு 250 ரூவா, பஸ் காசு தனி. ராம்நாட்டுல இருந்து மண்டபத்துக்கு வந்து போறதுக்கு இது அதிகம்னு நான் சொல்ல மாட்டேன்.

வந்தவரு மருந்தை எடுக்கல, முதல்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாரு, ஒரு கால் மணி நேரம் இருக்கும். அப்பறம்தான் ஏதாவது மாத்துனீங்களான்னு கேட்டாரு, ஐஸ் கதை வெளிய வந்துச்சு. திடீர்னு சூடு இறங்குனா மீனோட எதிர்ப்பு சக்தி விழுந்துரும், நோய்க் கிருமி அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கும். வீட்டுக்காரரை ஒரு வார்த்தை வையல, "நல்லதுக்குத்தான் பண்ணிருக்காரு"ன்னாரு. அந்த வெள்ளைப் புள்ளிக்குள்ள இருக்க பூச்சி மீனோட தோலுக்கு அடியில இருக்குறப்ப எந்த மருந்தும் அதைத் தொடாது, கீழ விழுந்து பெருகி நூத்துக்கணக்குல குட்டி போட்டு தண்ணில நீந்தி அடுத்த மீனைத் தேடுற நேரத்துலதான் அதைக் கொல்ல முடியும். அதனால புள்ளி மறைஞ்சிருச்சேன்னு மூணாம் நாளே மருந்தை நிப்பாட்டுனா திரும்ப வரும், பத்து நாளாவது விடாமப் பண்ணனும். எங்களுக்கு மருந்து கூட வேணாம்னுட்டாரு, மாலி, பிளாட்டி, கப்பி எல்லாம் உப்பு தாங்குற மீனு, லிட்டருக்கு 2 கிராம் கணக்குல 60 லிட்டருக்கு 120 கிராம் உப்பு, அயோடின் கலக்காத கல்லு உப்பு, ரெண்டு நாள்ல பிரிச்சு கரைச்சு ஊத்தச் சொன்னாரு. நம்ம உப்பளத்து உப்பு நமக்குத் தேடவா வேணும். தினமும் அடிக்கல்லுல டியூப் போட்டு உறிஞ்சி எடுக்கச் சொன்னாரு, கீழ விழுந்த பூச்சி அங்கதான் இருக்குமாம். ஊர் சூடு இந்த நோய்க்கு நமக்கு சாதகம், 30 டிகிரில பூச்சியோட சுத்து சீக்கிரம் முடியும், குளிர் ஊர்ல வாரக்கணக்காகும். ஒரு மாலி மட்டும் போச்சு, மத்தது எல்லாம் பொழைச்சுச்சு. கோரிடோராஸ் மாதிரி உப்பு தாங்காத மீன் வச்சிருக்கவுங்க இதை அப்டியே பண்ணிராதீங்க, அவரைக் கேட்டுக்கங்க.

சூட்டுக்கு அவரு சொன்ன வழி டேபிள் ஃபேன். மூடியை எடுத்துட்டு தண்ணி மேல காத்து படுற மாதிரி வச்சா ரெண்டு மூணு டிகிரி தானா இறங்கும், மெதுவா இறங்கும், அதான் முக்கியம். வலை ஒண்ணு கட்டணும், டேனியோ துள்ளிரும். சூட்டுத் தண்ணில ஆக்சிசன் கம்மியாத்தான் கரையும், 25 டிகிரில லிட்டருக்கு 8 மில்லி கிராம் சொச்சம்னா 32ல 7 சொச்சம்தான், அதனால ஏர் பம்ப் ராத்திரி பகல் ஓடணும். ஆனா ஃபேன் போட்டா தண்ணி வத்தும், ரெண்டு நாளைக்கு ரெண்டு மூணு லிட்டர். நான் அதுக்குப் போர் தண்ணியையே ஊத்திக்கிட்டு இருந்தேன், கிணத்தடி பக்கம் அதானே கைக்குக் கிடைக்குது. ஒரு மாசம் கழிச்சு பாட்டில் கொண்டு போனா 650ல வச்ச தண்ணி 1300 தாண்டிருச்சு. வத்துறது வெறும் தண்ணி மட்டும்தான், உப்பு பூரா தொட்டிலயே நிக்கும், அது மேல நாம இன்னும் உப்பை ஊத்துறோம். உப்பளத்துல பாத்திக்குள்ள நடக்குறது அப்டியே வீட்டுத் தொட்டில நடக்குதுன்னு அவரு சொன்னப்ப எனக்கு டக்குனு புரிஞ்சிருச்சு, எங்க அப்பா உப்பளத்துல வேலை பாத்தவரு. பழைய மீன் மெல்ல மெல்லப் பழகிரும், ஒண்ணும் தெரியாது, புதுசா வாங்கி விடுற மீன்தான் மறுநாள் செத்துக் கெடக்கும், நாம கடைக்காரனைத் திட்டுவோம். வத்துன அளவுக்கு ஆர்ஓ தண்ணியோ மழைத் தண்ணியோதான் ஊத்தணும், கலவைத் தண்ணி, தொட்டித் தண்ணியை மாத்துறப்ப மட்டும்தான். ஐப்பசி கார்த்திகைல மாடியில விழுற மழையை, முதல் மழையை விட்டுட்டு, ஒரு டிரம் புடிச்சு மூடி வச்சா அது ரெம்ப நாளைக்கு வரும், இந்த வருசம் நான் ரெண்டு டிரம் புடிச்சிட்டேன்.

ஜூன்ல தண்ணி பச்சையாயிருச்சு. தொட்டி இருந்தது கிழக்கு ஜன்னல் பக்கம். காலை வெயில் நேரா விழுது. விடியக்காலைல மட்டும் மீன் மேல வந்து நிக்கும், எட்டு ஒம்பது மணிக்குச் சரியாயிரும். எனக்கு மறுபடி அம்மோனியான்னு பயம். அவரு போன்லயே சொல்லிட்டாரு, நாள் பூரா மேல நின்னா தண்ணி விசம், விடியக்காலைல மட்டும் நின்னா மூச்சு, பச்சைப் பாசி பகல்ல ஆக்சிசன் விடும், ராத்திரி அதுவே இழுத்துக்கும், அதான் விடியுறப்ப இருக்கவே இருக்காது. தொட்டியை ஜன்னலை விட்டுத் தள்ளி வச்சு லைட்டை 6 மணி நேரமாக் குறைச்சு தீனியைப் பாதியாக்குனேன், மூணு வாரத்துல தெளிஞ்சிருச்சு. பாசிக்கு ஊத்துற மருந்து அவரு கடைலயே இருந்துச்சு, கேட்டேன், வேணாம்னுட்டாரு. தீனி விசயம் எங்க வீட்டுல மாமாவால, எங்க வீட்டுக்காரரோட அப்பா, சாப்பிட்டு முடிச்சா கைல மிச்சம் இருக்க சோத்துப் பருக்கையை மீனுக்குப் போடுவாரு, அவருக்கு அது வாயில்லா ஜீவனுக்குப் போடுற புண்ணியம், நான் எப்டி வேணாம்னு சொல்றது. கடை அண்ணன் வீட்டுக்கு வந்தப்ப மாமாகிட்ட, "ஐயா, காலைல ஒரு சிட்டிகை இந்தத் தீனி நீங்கதான் போடணும், ரெண்டு நிமிசத்துல தின்னு முடிக்கிற அளவு, ஞாயித்துக்கிழமை விரதம்"னு ஒரு டப்பாவை அவரு கைல குடுத்துட்டாரு. அன்னைல இருந்து மாமாதான் போடுறாரு, சோறு போடுறதே இல்ல.

இன்னொண்ணையும் சொல்லணும். எம் மக தனுஷ்கோடி போனப்ப கரையில கெடந்த செத்த பவளப்பாறைத் துண்டு ரெண்டு எடுத்துட்டு வந்து தொட்டில வச்சிருந்தா, அழகாத்தான் இருந்துச்சு. கடை அண்ணனுக்கு அதைப் பாத்ததும் முகம் மாறிருச்சு. பவளப்பாறை 1972 வனஉயிரின பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணைல இருக்கு, அதை எடுக்குறதும் வச்சிருக்கிறதும் குத்தம், நம்ம மன்னார் வளைகுடாவுல 21 தீவையும் தேசியப் பூங்காவா வச்சுக் காப்பாத்துறதே அதுக்குத்தான்னு மகளை உக்கார வச்சுப் பொறுமையாச் சொன்னாரு. தொட்டிக்கும் ஆகாது, அது சுண்ணாம்பு, ஏற்கனவே கடினமான தண்ணியை இன்னும் கடினமாக்கும். கடற்கரை மணலும் அப்டித்தான், கிளிஞ்சல் தூள் நிறைய இருக்கும், ரெண்டு சொட்டு வினிகர் விட்டு நுரைச்சா அது தொட்டிக்கு வேணாம். எம் மக இப்ப கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கு எல்லாம் இதைச் சொல்லிட்டு இருக்கா.

கரண்ட் விசயம் சின்னதுதான். மாசத்துல ஒரு நாள் பராமரிப்புக்குனு காலைல இருந்து சாயங்காலம் வரை நிப்பாட்டுவாங்க, அன்னைக்கு பவர் பேங்க்ல ஓடுற குட்டி ஏர் பம்ப் வாங்கி வச்சுக்கங்க, இவரு கடைல 350 ரூவா. ரெம்ப நேரம் நின்ன பவர் ஃபில்டரை அப்டியே போடாதீங்க, உள்ள தண்ணி கெட்டுப் போயிருக்கும், ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணிலயே ஒரு அலசு அலசிட்டுப் போடுங்க.

இப்ப குறை. கடை முகப்புலயே உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்துல கோல்டு ஃபிஷ் போட்டு வச்சிருக்காரு, கேட்டா விக்கவும் செய்றாரு. உள்ள வர்றவுங்ககிட்ட இம்புட்டு கறாரா இருக்கவரு இதை மட்டும் ஏன் பண்றாருன்னு நேராவே கேட்டுட்டேன். "பிள்ளைக அழுகுது, அதுக்காகத்தாம்மா, கடை வாடகையும் இருக்குல்ல"ன்னாரு. வாடகை எனக்குப் புரியுது, ஆனா அந்தக் கிண்ணத்துல ஃபில்டர் இல்ல, நம்ம ஊர் சூட்டுல அந்த மீன் ஒரு மாசம் தாங்காது, அது சாகுறதைப் பாக்கப் போறதும் ஒரு பிள்ளைதான். அந்தக் கிண்ணத்தை எடுக்குற வரைக்கும் நான் அஞ்சாவது ஸ்டார் குடுக்க மாட்டேன், அவருகிட்டயும் சொல்லிட்டேன். அதே மாதிரி போன தடவை வாங்குன கப்பி ஜோடி நல்ல கலரு, ஆனா பலம் இல்ல, ஒரு வாரத்துல ஒண்ணு போச்சு, இப்ப எந்தக் கடைல இருந்து எடுத்தாலும் கப்பி இப்டித்தான் இருக்கு, சொந்தத்துக்குள்ளயே கலரு பாத்து இனம் பெருக்குறதால வர்ற வினை. அதுக்கு ரெண்டு பிளாட்டி சும்மா குடுத்தாரு, அது நல்லா இருக்கு.

மீன் வகை கம்மி, அது எனக்குக் குறையாத் தெரியல. சென்னை கொளத்தூர்ல இருந்து வர்ற மீனை வந்த அன்னைக்கு விக்காம தனித்தொட்டில பத்து நாள் வச்சுப் பாத்துட்டுத்தான் விக்கிறாரு, அதான் நமக்கு வேணும். கவர்ல கட்டிக் குடுக்குறப்ப எப்டி விடணும்னு சொல்லித் தருவாரு, கவரோட கால் மணி நேரம் மிதக்க விட்டு, அப்பறம் அஞ்சு நிமிசத்துக்கு ஒரு டம்ளர் நம்ம தொட்டித் தண்ணியைக் கவருக்குள்ள ஊத்தி ஒரு மணி நேரம் பழக்கி, மீனை மட்டும் வலையில எடுத்து விடணும், கவர் தண்ணியைத் தொட்டில ஊத்தக் கூடாது.

போறவுங்களுக்கு: காலைல போகாதீங்க, 11 மணிக்கு மேலதான் தொறக்குறாரு, மத்தியானம் பூட்டிருவாரு, சாயங்காலம் 5ல இருந்து 9 வரை நிச்சயம் இருப்பாரு. போன் எடுக்குறது அபூர்வம், வாய்ஸ் மெசேஜ் போட்டு வச்சா ராத்திரி பதில் வரும். தண்ணி எடுத்துட்டுப் போற பாட்டில்ல சோப்பு, கூல் டிரிங்க்ஸ் வாடை எதுவும் இருக்கக் கூடாது, தொட்டித் தண்ணில ரெண்டு தடவை அலசிட்டு விளிம்பு வரைக்கும் நிரப்பி மூடுங்க, அன்னைக்கே எடுத்த தண்ணியா இருக்கட்டும், வெயில்ல வைக்காதீங்க. தொட்டித் தண்ணி ஒண்ணு, ஊத்துற தண்ணி ஒண்ணு, ரெண்டு பாட்டில்.